நாட்டுப்படகும் வெளிப்பொருத்து இயந்திரமும்: எரிபொருள் சிக்கனத்தின் வரலாறு

வெளிப்பொருத்து இயந்திரம் என்பது படகின் பின்பலகையில் வெளிப்புறமாக மாட்டப்படும் இயந்திரம். மீனவர்கள் இதை அவுட்போர்டு மோட்டார் என்பர். இலங்கையில் வெளியிணைப்பு இயந்திரம் என்ற பெயர் வழங்குகிறது. இயந்திரம், பல்சக்கரங்கள், உந்துவிசிறி ஆகிய மூன்றும் ஒரே தொகுதியாக அமைந்தது இது. தேவைப்படும்போது சாய்த்து உயர்த்தலாம், கழற்றி வீட்டுக்கும் எடுத்துச் செல்லலாம். துறைமுகம் இல்லாத மணற்கரைகளில் தொழில் செய்யும் சிறு மீனவர்களிடம் இது வேகமாகப் பரவியதற்கு இவ்வசதியே முதற்காரணம்.

இந்த இயந்திரமும் அதைத் தாங்கும் சிறு படகும் தென்னிந்தியாவிலும் வடஇலங்கையிலும் எவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டன, அந்தத் தேர்வில் எரிபொருள் செலவு எந்த இடத்தைப் பெற்றது என்பதை இக்கட்டுரை விவரிக்கிறது.

இயந்திரத்துக்கு முன்

சோழமண்டலக் கரையின் பெரும்பகுதியில் இயற்கைத் துறைமுகங்கள் இல்லை. திறந்த மணற்கரையில் அலை மோதி உடைகிறது. அந்த அலையைக் கடந்து போகவும் திரும்பி வரவும் ஏற்ற கலமாக உருவானதே கட்டுமரம். மிதப்புள்ள இலேசான மரத்தடிகளைக் கயிற்றால் பிணைத்துச் செய்யப்படும் இதற்குள் நீர் தேங்க இடமில்லை. அலை மேலே புரண்டாலும் மரங்களின் இடுக்கு வழியாக நீர் வடிந்துவிடும். கரை சேர்ந்தபின் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே உலர்த்தலாம். கயிற்றால் தைக்கப்பட்ட மசூலாப் படகுகளும் இக்கரைக்கு உரியவை. அலை குறைந்த பாக்கு நீரிணைப் பகுதியில் வத்தையும் வள்ளமும் பாய்விரித்து ஓடின.

இக்கலங்களுக்கு எரிபொருள் காற்றுதான். பின்னிரவில் தரையிலிருந்து கடல்நோக்கி வீசும் காற்றில் வெளியே சென்று, பிற்பகலில் கடலிலிருந்து வீசும் காற்றில் கரைக்குத் திரும்புவது வழக்கம். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று ஒவ்வொரு காற்றையும் பெயர்சொல்லி அறிந்திருந்த தொழில் இது. காற்று இல்லாத நாளில் துடுப்பே துணை. எவ்வளவு தூரம் போவது, எந்நேரம் மீனைக் கரைக்குக் கொண்டுவருவது என்பவற்றைக் காற்றும் உடல் வலிமையும் தீர்மானித்தன. இயந்திரம் வந்தபோது இந்த வரம்பு உடைந்தது. ஆனால் அதுவரை இல்லாத ஒரு செலவு ஒவ்வொரு பயணத்துக்கும் சேர்ந்தது.

வெளிப்பொருத்து இயந்திரத்தின் தோற்றம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் படகில் மாட்டும் இயந்திரங்களைப் பலர் செய்துபார்த்தனர். அவற்றுள் வணிக வெற்றி பெற்றது ஓலே எவின்ரூட் என்பவரின் இயந்திரம். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய இவர், விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகரில் 1909-ல் தம் இயந்திரத்தை உருவாக்கினார். அதன் திறன் ஒன்றரைக் குதிரைத்திறன். எடை ஏறக்குறைய 28 கிலோ.

தொடக்கத்தில் இது ஏரிகளில் பொழுதுபோக்குக்காகச் செல்வோரின் கருவி. அதன் வடிவமைப்பில் இந்நோக்கம் நெடுங்காலம் நீடித்தது. பெட்ரோலில் இயங்கும் இருவீச்சு இயந்திரம், அதிவேகச் சுழற்சி, சிறிய உந்துவிசிறி, குறைந்த எடை ஆகியவை இலேசான படகை விரைந்து ஓட்டுவதற்கு ஏற்றவை. வலையும் மீனும் ஏற்றி மெதுவாகச் செல்லும் கனமான படகுக்கு இவை பொருந்துவதில்லை. மீனவர்கள் பின்னாளில் சந்தித்த எரிபொருள் சிக்கலின் ஒரு வேர் இங்கேயே இருக்கிறது.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஜப்பானிய நிறுவனங்கள் இத்துறையில் இறங்கின. யமஹா நிறுவனம் 1960-ல் தன் முதல் வெளிப்பொருத்து இயந்திரமான பி-7 என்பதை வெளியிட்டது. ஆசிய, ஆப்பிரிக்க மீனவர்களின் கடும் பயன்பாட்டைக் கருதி எளிய அமைப்பும் உறுதியும் கொண்ட இயந்திரங்களையும், மண்ணெண்ணெயில் ஓடும் வகைகளையும் ஜப்பானிய நிறுவனங்கள் பின்னர் உருவாக்கின.

இந்திய-நார்வேத் திட்டம்

இந்தியாவில் சிறு மீன்பிடிக் கலங்களை இயந்திரமயமாக்கும் முதல் பெரிய முயற்சி கேரளத்தின் கொல்லத்துக்கு அருகே நடந்தது. ஐக்கிய நாடுகள் அவை, இந்தியா, நார்வே ஆகிய மூன்றும் 1952 அக்டோபரில் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, 1953-ல் நீண்டகரை, சக்திகுளங்கரைப் பகுதியில் இந்திய-நார்வேத் திட்டம் தொடங்கியது.

உள்ளூர்க் கலங்களிலேயே இயந்திரத்தைப் பொருத்துவது திட்டத்தின் தொடக்கக்கால எண்ணம். அது கைகூடவில்லை. தோண்டப்பட்ட வள்ளத்தின் குறுகிய உடல், இயந்திரத்தின் எடையையும் அதிர்வையும் கருதிச் செய்யப்பட்டதன்று. அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் உந்துவிசிறியுடன் கலத்தை அலை உடையும் கரையில் ஏற்றுவதும் எளிதல்ல. எனவே திட்டம் புதிய படகுகளை வடிவமைக்கும் வழிக்குத் திரும்பியது. 22 அடி முதல் 25 அடி வரையிலான, உள்ளே டீசல் இயந்திரம் கொண்ட படகுகள் வந்தன. இவற்றை நிறுத்த அமைதியான நீர்நிலை தேவைப்பட்டது. ஆகவே ஆற்றுமுகத்தைக் கொண்ட நீண்டகரை வளர்ந்தது. திறந்த கரைகளில் இருந்த ஊர்கள் பின்தங்கின.

இதன்பின் இறால் ஏற்றுமதி பெருகியது. அடிமடி இழுவலை இழுக்கும் விசைப்படகுகள் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் பெருகின. கட்டுமரக்காரர்களுக்கும் விசைப்படகுகளுக்கும் இடையே மோதல்கள் மூண்டன. கேரளம் 1980-லும் தமிழ்நாடு 1983-லும் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டங்களை இயற்றின. தமிழ்நாட்டில் கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன்பிடிப்பது தடைசெய்யப்பட்டது. சட்டம் காகிதத்தில் இருந்தாலும் கரையோர மீன்வளம் குறைந்துகொண்டே வந்தது. முன்பு ஒரு மணி நேரம் துடுப்பு வலித்து எட்டிய இடத்தில் மீன் இல்லாதபோது, இன்னும் தொலைவுக்குச் செல்ல வேண்டியதாயிற்று. நாட்டுப்படகு மீனவர்கள் இயந்திரத்தை நாடியதற்கு இந்தத் தூரமே பெரிய காரணம்.

இலங்கையும் சீநோரும்

இலங்கையில் 1950-களின் இறுதியில் அரசு மீன்பிடிக் கலங்களை இயந்திரமயமாக்கத் தொடங்கியது. 28 அடி நீளமும் உள்ளிணைப்பு டீசல் இயந்திரமும் கொண்ட மூன்றரைத் தொன் படகுகள் அதன் அடையாளமாக விளங்கின. அடுத்த பத்தாண்டுகளில் 17, 18 அடி நீளக் கண்ணாடி இழைப் படகுகளும் அவற்றுக்கான வெளியிணைப்பு இயந்திரங்களும் பரவலாயின.

வடக்கில் இம்மாற்றத்தோடு இணைத்து நினைவுகூரப்படுவது காரைநகரில் நார்வே உதவியுடன் 1960-களின் பிற்பகுதியில் உருவான சீநோர் நிறுவனம். அங்கு அமைந்த படகுத்துறையில் கண்ணாடி இழைப் படகுகள் கட்டப்பட்டன. குருநகரில் வலைத் தொழிற்சாலையும் இயங்கியது. யாழ்ப்பாணக் கடலேரியும் பாக்கு நீரிணையும் ஆழம் குறைந்தவை. இங்கு நீருக்குள் அதிகம் அமிழாத இலேசான படகும், தேவைப்படும்போது உயர்த்தக்கூடிய இயந்திரமும் இயல்பான தேர்வாயின.

எண்ணெய் நெருக்கடியும் வங்காள விரிகுடாத் திட்டமும்

1973 வரை உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் ஒரு பீப்பாய் ஏறக்குறைய 3 டாலருக்குக் கிடைத்தது. 1973-74 நெருக்கடியில் அது 12 டாலர் அளவுக்கு உயர்ந்தது. 1979-ல் மேலும் ஏறியது. மலிவான எரிபொருளை நம்பி வகுத்த மீன்வளத் திட்டங்கள் யாவும் மறுபரிசீலனைக்கு உள்ளாயின.

இச்சூழலில் 1979-ல் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியது. சுவீடன் இதற்கு நிதியளித்தது. சிறு மீனவர்களுக்கு ஏற்ற கலங்களை உருவாக்குவது இதன் முதன்மைப் பணிகளுள் ஒன்று. நார்வே நாட்டுப் படகு வடிவமைப்பாளர் ஓய்வின்ட் குல்பிராண்ட்சன் இப்பணியில் முக்கியப் பங்காற்றினார். திறந்த கரையில் ஏற்றக்கூடிய, சிறிய டீசல் இயந்திரம் கொண்ட கண்ணாடி இழைப் படகுகள் இந்தியாவின் கிழக்குக் கரையில் சோதிக்கப்பட்டன. அவற்றில் இயந்திரத்தோடு சுழல்தண்டையும் உந்துவிசிறியையும் ஒருசேர உயர்த்தும் அமைப்பு இருந்தது. நீண்டகரையில் முப்பதாண்டுகளுக்கு முன் தடையாக இருந்த சிக்கலுக்கு இது விடையாக அமைந்தது. பாயைத் துணையாகப் பயன்படுத்தி எரிபொருளைக் குறைக்கும் சோதனைகளும் நடந்தன. சிறு படகுகளின் எரிபொருள் செலவைக் குறைப்பது பற்றிக் குல்பிராண்ட்சன் எழுதிய கையேட்டை இத்திட்டம் 1986-ல் சென்னையிலிருந்து வெளியிட்டது.

இவரே 1970-களில் பசிபிக் தீவான சமோவாவுக்காக ‘அலியா’ என்னும் இரட்டையுடல் படகை வடிவமைத்தவர். இரட்டையுடல் படகுகளுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல் கட்டுமரம் என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து பிறந்தது. ஆனால் தமிழ்க் கட்டுமரம் இரட்டையுடல் கலமன்று.

முட்டம்: ஒட்டுப்பலகைப் படகு

கன்னியாகுமரி மாவட்டத்தில் தேர்வுக்கான நெருக்கடி மரத்திலிருந்து வந்தது. கட்டுமரத்துக்கான மிதப்பு மரமும் வள்ளம் தோண்டுவதற்கான பெரிய மரங்களும் அரிதாகி விலை ஏறின. கோட்டாறு மறைமாவட்டச் சமூக சேவைச் சங்கத்தின் சார்பில் முட்டத்தில் இயங்கிய படகுத்துறையில், கடல்தரமுள்ள ஒட்டுப்பலகையைக் கொண்டு கட்டுமரத்துக்கும் வள்ளத்துக்கும் மாற்றான படகுகளை உருவாக்கும் முயற்சி நடந்தது. பொறியியலாளர் பியர் ஜிலே இதில் முன்நின்றார். இம்முயற்சியின் தோல்விகளையும் வெற்றிகளையும் அவர் 1985-ல் ஒரு நூலாகப் பதிவுசெய்தார். சிறியதைச் செய்வது கடினம் என்ற பொருள்தரும் தலைப்பு அந்நூலுக்கு இடப்பட்டது.

ஒட்டுப்பலகைகளை வெட்டி, கம்பியால் தைத்துச் சேர்த்து, மூட்டுகளைக் கண்ணாடி இழையாலும் பிசினாலும் மூடுவது இப்படகுகளின் கட்டுமான முறை. மரத்தடிகளைப் பிணைத்த கலத்தைவிட இவை இலேசானவை. உட்புறம் இடமும் மீனவருக்கு ஓரளவு உலர்ந்த இருக்கையும் கிடைத்தன. பின்பலகை நேராக அமைந்ததால் வெளிப்பொருத்து இயந்திரத்தை மாட்டுவதும் எளிதாயிற்று.

1980-ல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு இப்படகுகளைத் தென்கேரளத்திலும் குமரிக் கரையிலும் பரப்பியது. கூட்டமைப்பு வெளிப்பொருத்து இயந்திரங்களைக் கூட்டாக இறக்குமதி செய்து உறுப்பினர்களுக்கு வழங்கியது. பழுதுபார்க்கும் பட்டறைகளையும் நடத்தியது. பட்டறை இல்லாத ஊரில் இயந்திரம் வெறும் சுமை என்பதை அதன் அனுபவம் காட்டியது. மீன் வரத்துள்ள பருவத்தில் ஓர் உதிரிப் பாகத்துக்காகப் பத்து நாள் கரையில் கிடந்தால், அவ்வாண்டில் சேமித்த எரிபொருள் எல்லாம் அந்த நட்டத்தில் கரைந்துவிடும்.

மண்ணெண்ணெய் இயந்திரம்

1980-களில் கேரளக் கரையில் வெளிப்பொருத்து இயந்திரம் மிக வேகமாகப் பரவியது. தமிழ்நாட்டின் தென்கரையும் அதைப் பின்தொடர்ந்தது. இவற்றில் பெரும்பாலானவை மண்ணெண்ணெயில் ஓடும் இருவீச்சு இயந்திரங்கள். பெட்ரோலில் முடுக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். நிறுத்துவதற்குச் சற்றுமுன் மீண்டும் பெட்ரோலுக்கு மாற்றுவர். இல்லாவிட்டால் அடுத்த நாள் இயந்திரம் எளிதில் முடுங்காது.

மண்ணெண்ணெய் சிக்கனமானதா என்பது அதன் விலையைப் பொறுத்தது. இருவீச்சு இயந்திரத்தில் உள்ளே வரும் எரிபொருளின் ஒரு பகுதி எரியாமலே புகையோடு வெளியேறுகிறது. ஒரு குதிரைத்திறனை ஒரு மணி நேரம் பெற இவ்வகைக்கு ஏறக்குறைய அரை லிட்டர் எரிபொருள் தேவை. சிறிய டீசல் இயந்திரத்துக்குக் கால் லிட்டர் போதும். லிட்டர் கணக்கில் மண்ணெண்ணெய் இயந்திரம் இருமடங்கு குடிக்கிறது. ஆயினும் அரசின் மானிய விலையில் மண்ணெண்ணெய் கிடைத்தவரை ரூபாய்க் கணக்கு அதற்குச் சாதகமாகவே இருந்தது. மானிய ஒதுக்கீடு தீர்ந்து வெளிச்சந்தையில் வாங்கும் நாளில் கணக்குத் தலைகீழாகியது. மானியம் உள்ளவரை மட்டுமே இலாபம் தரும் இயந்திரத்தைப் பலர் கடன்பட்டு வாங்கியிருந்தனர்.

நீள்தண்டு டீசல் இயந்திரம்

தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் மற்றொரு வழி உருவானது. காற்றால் குளிர்விக்கப்படும் ஒற்றை உருளை டீசல் இயந்திரத்தைப் பின்புறம் ஒரு தாங்கியில் பொருத்தி, அதிலிருந்து நீளும் தண்டின் முனையில் உந்துவிசிறியை இணைக்கும் முறை அது. தாய்லாந்தின் ஆறுகளிலும் கால்வாய்களிலும் நீண்டகாலமாக அறியப்பட்ட இவ்வமைப்பைத் தமிழக மீனவர்கள் லாங் டெயில் என்கின்றனர்.

இதில் சிக்கலான பல்சக்கரப் பெட்டி இல்லை. அலையில் கரையேறும்போது தண்டைத் தூக்கிவிடலாம். ஊர்ப் பட்டறையிலேயே பழுதுபார்க்கலாம். பாசனப் பம்புகளுக்கும் மின்னாக்கிகளுக்கும் பயன்படும் இயந்திர வகையைச் சேர்ந்ததால் உதிரிப் பாகங்களும் கிடைத்தன. இரைச்சல், அதிர்வு, எடை, குறைந்த வேகம் ஆகியவை இதன் குறைகள். எனினும் எரிபொருளில் பாதியை மிச்சப்படுத்திய இந்த இயந்திரம், வேகத்தைவிடச் செலவைப் பெரிதாக எண்ணிய மீனவர்களின் தேர்வாக நிலைத்தது.

சுனாமிக்குப் பின்

2004 டிசம்பர் 26 அன்று தாக்கிய ஆழிப்பேரலை தமிழ்நாட்டுக் கரையின் கட்டுமரங்களையும் வள்ளங்களையும் பெருமளவில் அழித்தது. அரசும் தொண்டு நிறுவனங்களும் மாற்றாக வழங்கியவற்றுள் கண்ணாடி இழைப் படகுகள் முதலிடம் பெற்றன. பல ஊர்களில் கட்டுமரத்திலிருந்து ஃபைபர் படகுக்கான மாற்றம் ஓரிரு ஆண்டுகளில் முடிந்துவிட்டது.

இந்த வேகத்தில் தேர்வுக்கு இடமில்லை. திடீரெனப் பெருகிய படகுத்துறைகள் சிலவற்றில் தரம் குறைந்தது. இழையின் கனம் குறைவான படகுகள் அலையில் விரிசல் கண்டன. முன்பு படகு சொந்தமில்லாத பலருக்கும் படகு கிடைத்தது. அதே நேரம் படகுகளின் எண்ணிக்கை பெருகியதால் ஒவ்வொரு படகுக்கும் கிடைக்கும் மீன் குறைந்தது. கட்டுமரம் வைத்திருந்தவர் காற்றில்லாத நாளில் வருமானம் இழந்தார், ஆனால் கடன்படவில்லை. ஃபைபர் படகுக்காரர் மீனில்லாத நாளிலும் எரிபொருளுக்குப் பணம் தரவேண்டியிருந்தது.

சிக்கனத்தின் கணக்கு

இந்த வரலாற்றின் அடியில் சில எளிய இயற்பியல் விதிகள் உள்ளன. நீரைக் கிழித்து மிதந்து செல்லும் எந்தப் படகும் தன் நீளத்துக்கேற்ற ஒரு வேக எல்லையைக் கொண்டுள்ளது. நீர்மட்டத்தில் படகின் நீளத்தை அடியில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் அந்த எல்லை நாட் கணக்கில் கிடைக்கும். நீர்மட்ட நீளம் 25 அடி என்றால் வர்க்கமூலம் 5. எல்லை ஏறக்குறைய 6.7 நாட். அதை நெருங்கும்போது படகு தானே எழுப்பும் அலையில் ஏற முயல்கிறது. கூடுதல் திறனில் பெரும்பகுதி அலையை எழுப்புவதிலேயே செலவாகிறது. சுமையேற்றிய படகில் 10 குதிரைத்திறனுக்குப் பதில் 25 குதிரைத்திறன் இயந்திரத்தை மாட்டினால், எரிபொருள் பலமடங்காகும். வேகம் சிறிதே கூடும். இந்த எல்லையைத் தாண்டி நீர்மேல் வழுக்கி ஓட, படகு இலேசாகவும் அடி தட்டையாகவும் இருக்கவேண்டும்.

இரண்டாவது விதி சுழற்சி வேகம் பற்றியது. உந்துவிசிறிக்குத் தேவைப்படும் திறன் ஏறக்குறைய சுழற்சி வேகத்தின் மும்மடியாக உயர்கிறது. நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும் இயந்திரத்தை 2700 சுற்றுக்குக் குறைத்தால், தேவைப்படும் திறன் 100-லிருந்து 73 ஆகும். படகு சற்று மெதுவாகச் செல்வதால் பயண நேரம் கூடும். அதைச் சேர்த்துப் பார்த்தாலும் அதே தூரத்துக்கான எரிபொருள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். ஒரு மணி நேரப் பயணம் 6, 7 நிமிடம் நீளும், அவ்வளவே. புதிய கருவி எதுவும் வாங்காமல் கிடைக்கும் சேமிப்பு இது.

மூன்றாவது, உந்துவிசிறியின் அளவு. மெதுவாகச் சுழலும் பெரிய விசிறி, வேகமாகச் சுழலும் சிறிய விசிறியைவிடக் கனமான படகைத் திறம்படத் தள்ளும். இயந்திரத்தோடு வரும் விசிறி பெரும்பாலும் இலேசான, விரைவான படகுக்கானது. சுமைப்படகுக்கு ஏற்ற விசிறியாக மாற்றுவதும், விளிம்பு மழுங்கிய விசிறியைச் சரிசெய்வதும், அடியில் படியும் பாசியையும் சிப்பியையும் சுரண்டுவதும் சிக்கனத்தின் பகுதிகளே.

எடுத்துக்காட்டாக, 10 குதிரைத்திறன் இயந்திரம் முழுத்திறனில் நாளொன்றுக்கு 4 மணி நேரம் ஓடுகிறது என்று கொள்வோம். இருவீச்சு மண்ணெண்ணெய் வகை ஏறக்குறைய 20 லிட்டரும் டீசல் வகை 10 லிட்டரும் குடிக்கும். ஆண்டுக்கு 200 நாள் தொழில் என்றால் வேறுபாடு 2000 லிட்டர். டீசல் இயந்திரத்தின் கூடுதல் விலையையும் எடையையும் இந்த வேறுபாட்டோடு ஒப்பிட்டே முடிவெடுக்கவேண்டும். நாளொன்றுக்கு அரைமணி நேரமே இயந்திரம் ஓட்டுபவருக்கு இலேசான இருவீச்சு இயந்திரமே இலாபமாக அமையக்கூடும். நாற்பது மீட்டர் மணலில் படகை நாள்தோறும் இழுத்தேற்றும் ஊரில் ஒவ்வொரு கிலோவும் கணக்கில் வரும்.

தேர்பவரும் செலவழிப்பவரும்

கணக்கு இவ்வளவு தெளிவாக இருந்தும், பெரிய இயந்திரத்தை நோக்கிய நகர்வு ஏன் நிற்கவில்லை என்ற வினா எழுகிறது. முதலில் கரைசேரும் படகின் மீனுக்கு நல்ல விலை கிடைக்கிறது. மீன்கூட்டத்தை முதலில் எட்டும் படகே வலையை வளைக்கிறது. எனவே ஒருவர் வேகமான இயந்திரம் வாங்கினால் மற்றவரும் வாங்கவேண்டியதாகிறது. எல்லோரும் வாங்கியபின் முந்துபவர் யாருமில்லை. எரிபொருள் செலவு மட்டும் எல்லோருக்கும் கூடியிருக்கும். புயல் அறிகுறி தெரியும்போது விரைந்து கரைசேர உதவும் மிகைத்திறன் உயிர்காக்கும் என்ற நியாயமும் உண்டு. அதைப் புறக்கணிக்க இயலாது.

பங்கு முறையும் இதில் சேர்கிறது. நாட்டுப்படகுத் தொழிலில் பொதுவாக மீன் விற்ற பணத்திலிருந்து எரிபொருள் முதலிய அன்றாடச் செலவு முதலில் கழிக்கப்படும். எஞ்சியதே படகுக்கும் வலைக்கும் ஆட்களுக்கும் பங்காகப் பிரியும். இயந்திரத்தைத் தேர்ந்தெடுப்பவர் உரிமையாளர். அதன் எரிபொருளுக்கான தொகையில் ஒரு பகுதி, படகில் செல்லும் தொழிலாளியின் பங்கிலிருந்தும் போகிறது. இயந்திரம் வாங்க மீன் வியாபாரியிடம் முன்பணம் பெற்றிருந்தால், பிடித்த மீனை அவரிடமே, அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க நேரும். இவ்வாறு எரிபொருள் சிக்கனம், கருவியைப் பற்றிய கேள்வியாகத் தொடங்கி, கடனையும் பங்கையும் பற்றிய கேள்வியாக முடிகிறது. கூட்டமைப்புகள் கடன் வழங்கலையும் மீன் விற்பனையையும் இயந்திரப் பராமரிப்பையும் ஒன்றாகவே கையில் எடுத்ததன் காரணம் இதுவே.

எரிபொருள் நின்றபோது

எரிபொருளைச் சார்ந்திருப்பதன் விலையை வடஇலங்கை இருமுறை அனுபவித்தது. 1990-ல் போர் மீண்டும் மூண்டபின் இலங்கை அரசு வடக்கின்மீது விதித்த பொருளாதாரத் தடையில் பெட்ரோலும் டீசலும் அடங்கின. மீன்பிடிக்கும் பகுதிக்கும் நேரத்துக்கும் இயந்திரத்தின் குதிரைத்திறனுக்கும் கட்டுப்பாடுகள் வந்தன. யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள்களைச் சில துளி பெட்ரோலில் முடுக்கி மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம் அது. மீனவர்கள் ஏற்கெனவே அறிந்திருந்த முறையைத் தரையிலிருந்தோரும் கற்றனர்.

இரண்டாவது நெருக்கடி 2022-ல் வந்தது. அந்நியச் செலாவணி இன்றி இலங்கை முழுவதும் எரிபொருள் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, சிறு படகுகள் மண்ணெண்ணெய்க்காக வாரக்கணக்கில் கரையில் காத்துக்கிடந்தன. அவ்வாண்டு ஆகஸ்டில் அரசு மண்ணெண்ணெயின் விலையை லிட்டருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்த்தியது. ஒரே நாளில் ஏறக்குறைய நான்கு மடங்கு. மானிய விலையை நம்பித் தேர்ந்தெடுக்கப்பட்ட இயந்திரங்கள் அனைத்தின் கணக்கும் அன்று மாறியது.

இன்றைய நிலை

அமெரிக்காவும் ஐரோப்பாவும் கொண்டுவந்த புகை விதிகளால் பழைய வகை இருவீச்சு இயந்திரங்கள் அங்கே விற்பனையிலிருந்து மறைந்தன. நான்கு வீச்சு இயந்திரங்கள் அவ்விடத்தைப் பிடித்தன. இவை எரிபொருளைக் குறைவாகக் குடிக்கின்றன. விலையும் எடையும் கூடுதல், பராமரிப்புக்குத் தேர்ந்த கை தேவை. மின்கலத்தில் இயங்கும் வெளிப்பொருத்து இயந்திரங்களும் சந்தைக்கு வந்துள்ளன. சிறிய டீசல் இயந்திரம் ஒரு லிட்டரில் தரும் உழைப்பைப் பெற ஏறக்குறைய 20 கிலோ எடையுள்ள மின்கலம் வேண்டும். ஆகவே அவை இப்போதைக்குக் கடலேரி, கழிமுகம் போன்ற குறுந்தொலைவுத் தொழிலுக்கே பொருந்துகின்றன.

நீண்டகரையில் தொடங்கிய எழுபது ஆண்டு அனுபவத்தில் மீண்டும் மீண்டும் தெரிய வந்தது ஒன்று: இயந்திரத்தைத் தேர்ந்தபின் அதற்கேற்பப் படகைத் தேடிய முயற்சிகள் தடுமாறின. கரையின் இயல்பு, செல்லும் தொலைவு, ஏற்றும் சுமை ஆகியவற்றிலிருந்து தொடங்கிப் படகையும், அதன் பின்னரே இயந்திரத்தையும் தேர்ந்த முயற்சிகள் நிலைத்தன. முட்டத்தின் ஒட்டுப்பலகைப் படகும், கிழக்குக் கரையின் லாங் டெயில் இயந்திரமும் இவ்வாறு நிலைத்தவை.